உள்ளாட்சி எலெக்ஷனை நடத்துற விதத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. பொது நிர்வாகத்துல பிஎச்டி சேர்ந்திருக்கேனுங்க, உள்ளாட்சி எலெக்ஷனை எப்படி நடத்துறாங்கங்கறதை எடுத்துப் பண்ணலாம்னு ஆசை, ஆனா தேடிப் பார்த்தா யார் ஜெயிச்சா, எந்த சாதி யாருக்குப் போட்டுது, பெண்கள் ஒதுக்கீட்டால என்ன மாறுச்சு இதுதான் வருது, நடத்துற விதத்தைப் பத்தி ஒண்ணையும் காணோம், கைடு வேற வாக்காளர் விழிப்புணர்வுன்னு ஒரு சர்வே எடுத்து முடிச்சுரலாம்ங்கறாரு, என்னங்க பண்றதுன்னு. நான் காலேஜ்ல இதே சப்ஜெக்ட் எடுத்தவன், எலெக்ஷன் டூட்டியும் பார்த்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அந்த விழிப்புணர்வு சர்வேயை விட்டுருங்க தம்பி. முந்நூறு பேர்கிட்ட "வாக்களிப்பது என் கடமை என்று கருதுகிறேன்"னு ஒரு வரியைக் குடுத்து அஞ்சு கட்டத்துல டிக் பண்ணச் சொன்னா எல்லாரும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்"ல தான் டிக் அடிப்பாங்க, எதிர்ல நின்னு ஒருத்தர் பேனாவோட கேட்கறப்ப வேற என்ன சொல்வாங்க. தீசிஸையெல்லாம் ஆன்லைன்ல போட்டு வைக்கற ஷோத்கங்கால அந்த மாதிரி குவிஞ்சு கெடக்குது, ஒண்ணைப் படிச்சா எல்லாத்தையும் படிச்ச மாதிரி. அப்புறம் ஓட்டுக்குக் குடுக்கற காசு, கொலுசு, ஹாட்பாக்ஸ் இந்தப் பக்கமும் போகாதீங்க, 2022ல கோயமுத்தூர்ல வந்த புகாரெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா அதை ஒரு தனி ஆளா, ஸ்காலரா, நிரூபிக்க முடியற மாதிரி ஆராய வழி இல்ல. நீங்க கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பேப்பர் வேலை யார் பண்றா, லிஸ்ட்டை யார் வார்டு வார்டா பிரிக்கறா, பூத்துக்குள்ள யார் உக்கார்றா, எண்ணறப்ப என்ன நடக்குது, எலெக்ஷன் ஏன் தள்ளித் தள்ளிப் போகுது. இதுக்கு வெளிநாட்டுல ஒரு தனித் துறையே இருக்குது, நம்மகிட்ட தான் எடுத்துச் செய்ய ஆள் கம்மி.

வெளிநாட்டுல எப்படி ஆரம்பிச்சுதுன்னா, 2000ல அமெரிக்க அதிபர் தேர்தல், புளோரிடா. ஜார்ஜ் புஷ் அந்த மாநிலத்துல ஜெயிச்சது 537 ஓட்டு வித்தியாசத்துல, அதை வச்சு நாட்டுக்கே அதிபர் ஆனாரு. அதுல பாம் பீச்னு ஒரு கவுண்டில, நம்ம ஜில்லா மாதிரி, ஓட்டுச்சீட்டை ரெண்டு பக்கமா விரிச்ச மாதிரி அடிச்சிருந்தாங்க, பேர் ரெண்டு பக்கமும் இருக்கும், துளை குத்தற இடம் நடுவுல வரிசையா இருக்கும், புஷ்ஷை எதிர்த்து நின்ன அல் கோருக்குப் போடறோம்னு நினைச்சு பல பேர் புக்கானன்ங்கற இன்னொருத்தருக்குக் குத்திட்டுப் போயிட்டாங்க. ஜொனாதன் வாண்டும் கூட நாலஞ்சு பேரும் சேர்ந்து 2001ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, அதுல பிடிச்ச பாயிண்ட் தான் அழகு: தபால்ல ஓட்டுப் போட்டவங்களுக்குக் குடுத்த சீட்டு இந்த விரிச்ச டிசைன்ல இல்ல, அதே ஊர்க்காரங்க தான், அங்க புக்கானனுக்கு அவ்வளவு ஓட்டு விழல, அப்ப பூத்துல விழுந்தது டிசைன் கோளாறு தானேன்னு காட்டுனாங்க. ரெண்டாயிரத்துக்கும் மேல ஓட்டு அப்படி மாறி விழுந்திருக்கும்ங்கறது அவங்க கணக்கு, 537க்குப் பக்கத்துல அதை வச்சுப் பாருங்க. இதுல யாரும் தில்லுமுல்லு பண்ணல, அந்தக் கவுண்டி தேர்தல் அதிகாரி வயசானவங்களுக்கு எழுத்து பெருசா தெரியட்டும்னு நல்ல எண்ணத்துல பண்ணுன வேலை, அந்த அம்மா அல் கோரோட கட்சிக்காரங்க வேற.

அதுவரைக்கும் இதெல்லாம் கிளார்க்கு வேலைன்னு ஒதுக்கி வச்சிருந்த அரசியல் அறிவியல்காரங்க பொறவு தான் திரும்பிப் பார்த்தாங்க. கால்டெக், எம்ஐடின்னு ரெண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓட்டு மெஷின் பத்தி ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, 2002ல எலெக்ஷன் நடத்தறது பத்திப் புதுச் சட்டம் வந்துச்சு, சார்லஸ் ஸ்டூவர்ட், மைக்கேல் ஆல்வரெஸ் மாதிரி ஆளுங்க ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் எவ்வளவு நேரம் கியூவுல நின்னீங்க, பேர் லிஸ்ட்ல இருந்துச்சான்னு சர்வே எடுக்க ஆரம்பிச்சாங்க. அங்க எலெக்ஷன் கமிஷன்னு ஒரே ஒரு பெரிய ஆபீஸ் எல்லாத்தையும் நடத்தறது கிடையாது, பத்தாயிரத்துக்கும் மேல உள்ளூர் அலுவலகங்க தனித்தனியா நடத்துது, அதனால அவங்களுக்கு எலெக்ஷன் நிர்வாக ஆராய்ச்சின்னாலே அது உள்ளூர் ஆராய்ச்சி தான். 2014ல ஒரு அதிபர் கமிஷன் யாரும் அரை மணி நேரத்துக்கு மேல வரிசைல நிக்கக் கூடாதுன்னு சொன்னதுக்குப் பின்னாடி இந்த மாதிரி கணக்கெல்லாம் இருக்குது. இங்கிலாந்துல டோபி ஜேம்ஸ், அலிஸ்டர் கிளார்க் ரெண்டு பேரும் பூத்துல உக்கார்ற ஊழியர்கள்கிட்டயே கேட்டு எழுதுனாங்க, அங்க ரொம்ப சகஜமான பிரச்சனை எதுன்னா ஓட்டுப் போட வந்தவங்களை லிஸ்ட்ல பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பறது. நம்மூர் கதை மாதிரியே இருக்குதில்ல.

இவங்க எல்லாரும் சாய்ஞ்சிருக்கற ஒரு கருத்து மைக்கேல் லிப்ஸ்கி 1980ல சொன்னது. அரசாங்கக் கொள்கைன்னு தலைநகரத்துல எழுதறது ஒண்ணு, கவுண்டர்ல உக்காந்திருக்கற கடைசி ஊழியர் அவசரத்துல ஆள் பத்தாம எடுக்கற முடிவு தான் ஜனங்களுக்கு நிஜமான கொள்கைன்னு. தியரி சாப்டர்ல இதை வச்சுக்கங்க, ஆனா ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம்.

இனி நம்ம கதை. இந்தியாவுல எலெக்ஷன் நடத்துறது பத்தி எழுதினவங்க பெரும்பாலும் டெல்லில இருக்கற இந்தியத் தேர்தல் ஆணையத்தைப் பத்தி எழுதியிருக்காங்க, டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த காலத்துல இருந்து. உள்ளாட்சிக்கு அது கிடையாது, மாநிலத் தேர்தல் ஆணையம் தனி, சென்னை கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் எதிர்ல இருக்குது. அரசியல் சட்டத்தோட 73, 74வது திருத்தத்துல 243-கே, 243-இசட்ஏன்னு ரெண்டு பிரிவு வழியா வந்தது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, அதுக்குப் பொறவு 1996ல மொதல் எலெக்ஷன். 2006ல கிஷன் சிங் தோமர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாவே சொல்லிருச்சு, உள்ளாட்சி எலெக்ஷனைப் பொறுத்தவரை மாநில ஆணையத்துக்கும் டெல்லி ஆணையத்துக்கு இருக்கற அதே அந்தஸ்து தான், அஞ்சு வருஷத்துக்குள்ள நடத்தியே ஆகணும்னு. காகிதத்துல அப்படி. ஆனா மாநில ஆணையத்துக்குன்னு கீழ வரைக்கும் சொந்த ஆள் கிடையாது. கலெக்டர் தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், பிடிஓன்னு சொல்ற வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ்காரங்க தான் தேர்தல் நடத்தும் அலுவலர், வாத்தியாருங்க தான் பூத்துல, வார்டு எல்லையைப் பிரிக்கறதும் எந்த இடம் யாருக்கு ஒதுக்கீடுன்னு கெஜட்ல போடறதும் ஆணையத்துக்கு வெளிய நடக்குது. கார் ஆணையத்துது, ஆனா டிரைவரும் பெட்ரோலும் ரோடும் அரசாங்கத்துதுன்னு வச்சுக்கங்க.

இதனால என்ன ஆகும்ங்கறதுக்கு 2016 நல்ல பாடம். அக்டோபர் 17, 19ல எலெக்ஷன்னு அறிவிச்சு, வேட்புமனு எல்லாம் வாங்கியாச்சு, எஸ்டி ஒதுக்கீடு சரியா இல்லைன்னு போன வழக்குல அக்டோபர் 4ஆம் தேதி ஹைகோர்ட்டு அறிவிக்கையையே ரத்து பண்ணுச்சு. அந்த மாசக் கடைசியோட 2011ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் முடிஞ்சுது, அவங்களுக்குப் பதிலா அரசு அதிகாரியே நிர்வாகம் பண்ற தனி அலுவலர் ஆட்சி வந்துச்சு. அப்புறம் வார்டு மறுவரையறை, அதுக்கொரு கமிஷன், கேஸ் மேல கேஸ், கடைசில 2019 டிசம்பர் 27, 30ல கிராமப்புறத்துக்கு மட்டும், அதுவும் 27 மாவட்டத்துக்கு மட்டும் நடந்துச்சு. மாவட்டம் பிரிச்சதுல சிக்குன ஒம்போது மாவட்டத்தை சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வச்சுது, அவங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19, மாநகராட்சி நகராட்சி பேரூராட்சி எல்லாம் சேர்த்து 12,838 வார்டு, அதுல கோயமுத்தூர்ல மட்டும் நூறு. கணக்குப் போட்டுப் பாருங்க, டவுன்ல அஞ்சு வருஷத்துக்கும் மேல ஒரு கவுன்சிலர் கிடையாது. தேர்ந்தெடுத்த ஆளுங்க இல்லைன்னு மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வச்சாங்க. இப்ப மறுபடியும், 2019ல ஓட்டுப் போட்ட மாவட்டங்கள்ல கிராம ஊராட்சிக்கு 2025 ஜனவரி 5ஓட காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாங்க, நம்ம கொங்கு மாவட்டம் எல்லாமே இதுக்குள்ள தான் வருது.

இதுல ஒரு விஷயத்தை யாரும் உக்காந்து எழுதின மாதிரி தெரியல, அதைச் சித்த கவனிங்க. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் யாரு? பிடிஓ. எலெக்ஷன் வந்தா நடத்தறது எந்த ஆபீஸு? அதே பிடிஓ ஆபீஸு. அப்ப தலைவர் நாற்காலியில தற்காலிகமா உக்காந்திருக்கறதும் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க ஏற்பாடு பண்றதும் ஒரே ஆபீஸ் தான். நான் தப்பு நடக்குதுன்னு சொல்லல, வேலைப் பளுன்னு பார்த்தாலே போதும், தெருவிளக்கு, குடிதண்ணி மோட்டார், நூறு நாள் வேலை, வரி வசூல் எல்லாத்தையும் பார்த்துட்டு நடுவுல வார்டு லிஸ்ட் பிரிக்கணும்னா அந்த லிஸ்ட் எப்படி வரும்? இதுவே ஒரு சாப்டர்.

இன்னொரு ஐடியாவும் இதுல இருந்தே வருது, பெரிய ஐடியா, பிஎச்டிக்கு ஜாஸ்தியாக் கூட இருக்கலாம். 2020 ஜனவரில இருந்து 2021 அக்டோபர் வரைக்கும் 27 மாவட்டத்துல தலைவர் இருந்தாங்க, ஒம்போதுல இல்ல, நடுவுல கொரோனா வந்துச்சு. தலைவர் இருக்கற ஊருக்கும் அதிகாரி மட்டும் இருக்கற ஊருக்கும் அந்த நேரத்துல வேலை நடந்த விதத்துல என்ன வித்தியாசம்னு பார்க்கலாம். அந்த ஒம்போதுல கொங்கு மாவட்டம் ஒண்ணும் கிடையாது, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி பக்கம், அதனால நீங்க அக்கட்டால போயி தகவல் எடுக்கணும், செலவு ஆகும், யோசிச்சுக்கங்க.

கோர்ட்டு பேச்சு வந்ததால ஒரு சின்ன விலகல், நம்ம மண்ணுக்காரங்க தெரிஞ்சு வச்சுக்கணும். எலெக்ஷன் நடந்துட்டு இருக்கறப்ப கோர்ட்டு நடுவுல தலையிடக் கூடாது, எல்லாம் முடிஞ்சு தேர்தல் மனுவாத்தான் வரணும்ங்கற விதி இந்தியா முழுக்க மேற்கோள் காட்டறாங்களே, அது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, நாமக்கல்ல இருந்து. 1951 நவம்பர்ல அப்ப சேலம் ஜில்லால இருந்த நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்கு பொன்னுசாமின்னு ஒருத்தர் போட்ட வேட்புமனுவைத் தேர்தல் அலுவலர் தள்ளுபடி பண்ணுனாரு, அவரு கோர்ட்டுக்குப் போனாரு, 1952 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு 329வது பிரிவை வச்சு இப்ப கேட்க முடியாதுன்னுருச்சு. உள்ளாட்சிக்கு 243-ஓ, 243-இசட்ஜி ரெண்டும் அதே அச்சுல வார்த்தது தான். அப்படி இருந்தும் 2016ல அறிவிக்கையே ரத்தாச்சு, எந்தக் கட்டம் வரைக்கும் கோர்ட்டு தொடலாம்ங்கறது சட்டம் படிச்சவங்களுக்கு ஒரு தனி டாபிக், உங்களுக்கு வேண்டாம்.

சரி, ஏன் உள்ளாட்சில நிர்வாகம் இவ்வளவு முக்கியம்ங்கறேன்னா, நம்பர் சின்னது. சட்டமன்றத் தொகுதில ரெண்டு மூணு லட்சம் ஓட்டு இருக்கும், அதுல ஐம்பது பேரை தப்பான பூத்துல போட்டா முடிவு மாறறது அபூர்வம். கிராம ஊராட்சி வார்டுல சில நூறு ஓட்டு தான், பத்து ஓட்டுல ஜெயிக்கறதும் ஒத்த ஓட்டுல ஜெயிக்கறதும் சமமாகிக் குலுக்கல் போடறதும் ஒவ்வொரு தடவையும் நடக்குது. அங்க ஒரு தெருவை வார்டு மாத்தி எழுதினா கதை முடிஞ்சுது. 2021 அக்டோபர்ல நம்ம கோயமுத்தூர் ஜில்லா குருடம்பாளையம் ஊராட்சில 9வது வார்டு இடைத்தேர்தல், ஒரு வேட்பாளருக்கு ஒத்த ஓட்டு தான் விழுந்துச்சு, ஊரே சிரிச்சுது, வீட்டுக்காரங்களே போடலையான்னு கிண்டல் வேற. அவரு சொன்ன காரணத்தைக் கவனிச்சவங்க கம்மி: அவருக்கும் அவரு குடும்பத்துக்கும் அந்த வார்டுல ஓட்டே கிடையாது, வேற வார்டுல இருந்துச்சு. சட்டப்படி அந்த ஊராட்சில எங்க ஓட்டு இருந்தாலும் எந்த வார்டுலயும் நிக்கலாம். எல்லாரும் கட்சிக் கிண்டலா பார்த்தாங்க, எனக்கு அது வார்டு லிஸ்ட் பாடமாத் தெரிஞ்சுது.

உள்ளாட்சிக்குன்னு தனியா வீடு வீடாப் போயி லிஸ்ட் எடுக்கறதில்ல, சட்டமன்றத்துக்கு டெல்லி ஆணையம் தயாரிச்ச லிஸ்ட்டை வாங்கி அதையே வார்டு வார்டா பிரிக்கறாங்க. சட்டமன்ற லிஸ்ட் பாகம் பாகமா இருக்கும், அந்தப் பாகம் பூத்துக்காகப் போட்டது, வார்டு எல்லையைப் பார்த்துப் போட்டதில்ல. ஒரு பாகத்துல மூணு வார்டு ஜனங்க கலந்து இருப்பாங்க, ஒரு வார்டு ரெண்டு பாகத்துல சிதறி இருக்கும். அதைக் கதவு நம்பர் பார்த்து ஒன்றிய ஆபீஸ்லயும் ஊராட்சி செயலர் கையிலயும் பிரிக்கறாங்க. கதவு நம்பர் நம்மூர்ல என்ன லட்சணத்துல இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும், பழைய நம்பர், புது நம்பர், 4/112ஏ/3, தோட்டத்துலயே கட்டின வீடு, தோட்டத்துச் சாளைன்னா நம்பரே இல்லாம தோட்டத்துப் பேர் மட்டும். கொங்கு நாட்டுக் கிராமம் தஞ்சாவூர் பக்கம் மாதிரி ஒட்டுக்கா ஒரே தெருவுல வீடு கட்டின ஊர் இல்ல, ஆளாளுக்கு அவங்கவங்க தோட்டத்துல சாளை போட்டுச் சிதறி இருப்பாங்க, அதனால வார்டு எல்லை வரையறதே இங்க கஷ்டம், தோட்டத்து வேலிகளுக்கு நடுவுல போற தடம், இட்டேரி ஒண்ணு தான் எல்லைம்பாங்க, அந்த இட்டேரி இப்ப தார் ரோடா மாறியிருக்கும். இதைப் பத்தி மட்டும் எழுதினாலே புதுசா இருக்கும், வேற ஜில்லாக்காரன் எழுத முடியாது.

அப்புறம் அவினாசி, பல்லடம், திருப்பூர் சுத்துவட்டம். பனியன் கம்பெனிக்கு வந்து லைன் வீட்டுல இருக்கறவங்க, மதுரை, திண்டுக்கல், தேனில இருந்து வந்தவங்க, வருஷத்துக்கு ஒரு வீடு மாறுவாங்க, பேர் பழைய முகவரிலயே இருக்கும். 2025 கடைசில நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துல தமிழ்நாடு முழுக்க வரைவுப் பட்டியல் வந்தப்பவே கிட்டத்தட்ட 97 லட்சம் பேரோட பேர் போச்சுல்ல, இறந்தவங்க, இடம் மாறினவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்கன்னு. அது உள்ளாட்சிக்கு எப்படி இறங்கும்னு யோசிங்க, அடுத்த வார்டு லிஸ்ட்டுக்கு அதுதான் அடிப்படை. கோயமுத்தூர்காரன் ஓட்டே போடறதில்லைன்னு ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் திட்டறாங்களே, லிஸ்ட்ல எத்தனை பேர் நிஜமா ஊர்ல இருந்தாங்கன்னு தெரியாம சதவீதம் சொல்றதுல அர்த்தம் இல்ல, கீழ இருக்கற எண் தப்புன்னா மேல என்ன வந்து என்ன. பழைய லிஸ்ட்டையும் புது லிஸ்ட்டையும் ஒரே ஊராட்சிக்கு வரிக்கு வரி ஒப்பிட்டா அந்தக் கணக்கு கைக்கு வரும்.

ஓட்டுச்சீட்டு பக்கமும் நல்ல விஷயம் இருக்குது. டவுன்ல மெஷின், அதுலயும் யாருக்குப் போட்டோம்னு சீட்டுல காட்டற விவிபாட் கிடையாது. கிராமத்துல இன்னும் சீட்டு, பெட்டி. ஒரே ஆள் நாலு ஓட்டுப் போடணும், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்கு பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஒரே பூத்துல ரெண்டு வார்டு வந்தா ஒண்ணுக்கு நீலம். ஒன்றியம், மாவட்டம் ரெண்டுக்கும் கட்சிச் சின்னம், வார்டு உறுப்பினர், தலைவர் ரெண்டுக்கும் கட்சி கிடையாது, பூட்டு சாவியோ ஆட்டோவோ ஆணையம் குடுக்கற சின்னம். நாலையும் மடிச்சு ஒரே பெட்டில போடுவாங்க, எண்ணறப்ப மொதல் வேலையே கலர் பிரிக்கறது தான், 2020 ஜனவரி 2ஆம் தேதி ஆரம்பிச்ச எண்ணிக்கை பல ஒன்றியத்துல அடுத்த நாளும் ஓடுச்சு. செல்லாத ஓட்டு எந்தக் கலர்ல எச்சா விழுதுன்னு யாராச்சும் எண்ணிப் பார்த்தாங்களா? என் யூகம், மஞ்சள்ல தான் இருக்கும், மாவட்டக் கவுன்சிலர்னா யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. யூகம் தான், நீங்க எண்ணிச் சொல்லுங்க.

இதுக்குப் பக்கத்துல வச்சுப் பேச பிரேசில் ஆராய்ச்சி ஒண்ணு இருக்குது. தாமஸ் புஜிவாரான்னு ஒருத்தர், 2015ல வந்துச்சு. 1998ல அங்க 40,500 வாக்காளருக்கு மேல இருந்த ஊருக்கு மட்டும் மெஷின், கீழ இருந்தா பேப்பர். கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கற ஊரையும் கொஞ்சம் கீழ இருக்கற ஊரையும் ஒப்பிட்டா மெஷின் வந்த இடத்துல செல்லாத ஓட்டு வெகுவா குறைஞ்சுது, அதுல லாபம் யாருக்குன்னா படிக்காத ஏழை ஜனங்களுக்கு, அதுவரைக்கும் ஓட்டுப் போட்டும் எண்ணப்படாம போனவங்க அவங்க தான். அதைத் தொடர்ந்து அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவு பண்றதே கூடுச்சுன்னு காட்டியிருக்காரு. இந்தியாவுல சிசிர் தேப்நாத், முதித் கபூர், ஷமிகா ரவி மூணு பேரும் மெஷின் வந்ததைப் பத்தி 2017ல எழுதுனாங்க, ஆனா அது சட்டமன்றத்துக்கு.

நமக்கு வாளையார் இருக்குதுங்க தம்பி. அந்தப் பக்கம் பாலக்காடு, கேரளாவுல பஞ்சாயத்துக்கும் மெஷின் தான், மூணு அடுக்குக்கும் ஒரே கன்ட்ரோல் யூனிட்டுல மூணு ஓட்டு யூனிட் மாட்டியிருக்கும், எல்லா மட்டத்துலயும் கட்சிச் சின்னம். இந்தப் பக்கம் மதுக்கரை, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை ஒன்றியங்கள்ல சீட்டும், ஊராட்சி மட்டத்துல சுயேச்சைச் சின்னமும். எல்லைல இருக்கற ஜனங்க ஒரம்பரை சம்பந்தம் கூட வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் பூத் எப்படி நடக்குது, எவ்வளவு நேரம் ஆகுது, வயசானவங்க எங்க தடுமாறுறாங்கன்னு ஒப்பிட்டு எழுதலாம். படிப்பறிவு, கட்சி அமைப்பு எல்லாம் வேறங்கறதால மெஷினால தான் இந்த வித்தியாசம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதை எக்ஸாமினர் கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே எழுதிருங்க.

பூத்துக்குள்ள உக்கார்றவங்களைப் பத்தி ஒண்ணு கட்டாயம் படிங்க, யூசுப் நெகர்ஸ் 2018ல எழுதினது, பீகார் பத்தி. எந்த ஊழியர் எந்த பூத்துக்குன்னு கம்ப்யூட்டர் குலுக்கி அனுப்பறதால அது இயற்கையாவே ஒரு பரிசோதனை மாதிரி அமைஞ்சு போச்சு. பூத் டீம்ல எந்தச் சமூகத்து ஆள் இருக்காங்கங்கறதைப் பொறுத்து ஓட்டு விகிதமே கொஞ்சம் நகருதுன்னு காட்டுனாரு, அதுக்குக் காரணமா அவரு பார்த்தது அடையாளம் சரிபார்க்கற இடம், யார்கிட்ட கறாரா இருக்காங்க, யாரை விட்டுடறாங்கங்கறது. நம்மகிட்டயும் கம்ப்யூட்டர் குலுக்கல் உண்டு. ஆனா தம்பி, ஊழியர் சாதியைத் தேடிப் போற ஆராய்ச்சியை பிஎச்டி லெவல்ல எடுக்காதீங்க, தகவலும் கிடைக்காது, மனக்கசப்பும் வரும். அதுக்குப் பதிலா டிரெயினிங், வேலைச் சூழல் எடுங்க. முந்தின நாளே போயி ஸ்கூல்ல படுத்து, கொசுக்கடில தூங்காம, விடியக்காலைல எந்திரிச்சு, நாலு கலர் சீட்டுக்கும் பின்னாடி கையெழுத்துப் போட்டு, ராத்திரி பெட்டியை ஒப்படைக்கற வரைக்கும் ஒரு வாத்தியாரம்மா என்ன படறாங்கங்கறது எந்த அறிக்கைலயும் இல்ல. டாய்லெட் இல்லாத பூத்துக்குப் போன பெண் ஊழியர்கள்கிட்ட பேசினாலே பத்து நேர்காணல்ல உங்களுக்குப் பொருள் கிடைச்சுரும். ஈரோட்டு ஜில்லால தாளவாடி, பர்கூர், கடம்பூர் மலை பூத்துக்குப் போனவங்களைத் தனியாத் தேடிப் பிடிங்க. தாளவாடில பாதி ஜனம் கன்னடம் பேசறவங்க, தமிழ் அகரவரிசைல பேர் அடிச்ச சீட்டை அவங்க எப்படிப் படிக்கறாங்க, சின்னத்தை மட்டும் நம்பறாங்களான்னு கேளுங்க.

சீட்டுல மேல பேர் வந்தா ஓட்டு எச்சா விழுதாங்கறது அமெரிக்காவுல பெரிய சண்டை, கலிபோர்னியால எழுத்து வரிசையையே குலுக்கல் போட்டு மாத்துறாங்க, டேனியல் ஹோ, கோசுகே இமாய் அதை வச்சு எழுதியிருக்காங்க. நம்ம வார்டு உறுப்பினர் சீட்டுல கட்சி கிடையாது, பேர் வரிசை தான், அதே கேள்வியை இங்க கேட்கலாம். ஆனா ஊர்ல எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சவங்க, அதனால விளைவு ஒண்ணும் இருக்காதுன்னு தான் நினைக்கறேன்.

ஒதுக்கீடு பத்தி எழுதினதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல, அதுல முறை கத்துக்கலாம். ரிக்கில் பவ்னானி 2009ல மும்பை மாநகராட்சி வார்டுகளை எடுத்து, பெண்களுக்கு ஒதுக்கியிருந்த வார்டை அடுத்த தடவை பொதுவாக்குன பிறகும் அங்க பெண்கள் ஜெயிக்கற வாய்ப்பு கூடுதலா இருக்குன்னு காட்டுனாரு, வார்டு குலுக்கல்ல வந்ததால அப்படிச் சொல்ல முடிஞ்சுது. இங்க எஸ்சி ஒதுக்கீடு மக்கள்தொகை விகிதத்தை வச்சு வருது, குலுக்கல்னு எடுத்துக்கிட்டு அப்படியே காப்பி அடிச்சா வைவால மாட்டிக்குவீங்க.

வேட்புமனு மேஜையும் ஒரு நல்ல இடம். ஒரு பக்கம் மொடக்குறிச்சி, 1996 சட்டமன்றத் தேர்தல்ல 1,033 வேட்பாளர், விவசாயிங்க எதிர்ப்பைக் காட்டறதுக்காக நின்னாங்க, ஓட்டுச்சீட்டைப் புஸ்தகமாவே அடிக்க வேண்டியதாச்சு, அந்த வருஷமே டெபாசிட்டை 250 ரூபாய்ல இருந்து 5,000 ஆக்குனாங்க. நிர்வாகத்தைத் திணறடிக்கறதே ஒரு போராட்டம் ஆகும்னு நம்ம ஈரோட்டு ஜில்லா காட்டுச்சு. இன்னொரு பக்கம் 2019ல கிராம உள்ளாட்சில 18 ஆயிரத்துக்கும் மேல பேர் போட்டியே இல்லாம தேர்வானாங்க, பெரும்பாலும் வார்டு உறுப்பினர். வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய் தான், எஸ்சி எஸ்டிக்கு அதுல பாதி, பணம் காரணமே இல்ல. அதுல எத்தனை நிஜமாவே ஆள் வராதது, எத்தனை கோயில்ல உக்காந்து ஊர் பேசி முடிச்சது, எத்தனை மனு பரிசீலனைல தள்ளுபடி ஆனது? பதவியை ஏலம் விட்டா நடவடிக்கைன்னு ஆணையம் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்குது, ஆனா வாபஸ் வாங்கற கடைசி நாள் மத்தியானம் அந்த ஆபீஸ் வராண்டால என்ன நடக்குதுன்னு ஒருத்தர் கூட உக்காந்து குறிப்பெடுக்கல.

தகவல் எங்க கிடைக்கும்னு கேட்பீங்க. ஆணையத்தோட வெப்சைட்ல முடிவு இருக்கும், ஆனா சட்டமன்றத்துக்குப் படிவம் 20 மாதிரி பூத்வாரியா சுலபமா எடுக்கற மாதிரி எதிர்பார்க்காதீங்க. அசோகா யுனிவர்சிட்டில இருக்கற திரிவேதி மையம் சட்டமன்றம், பார்லிமென்ட் தகவலை அருமையா அடுக்கி வச்சிருக்காங்க, அதை வச்சு தொகுதிப் பின்னணி எழுதிக்கலாம். காந்திகிராமத்துல பேராசிரியர் பழனித்துரை பல வருஷமா தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து பத்தி எழுதினாரு, அந்த லைப்ரரிக்கு ஒரு நடை போங்க, திண்டுக்கல் தானே. அப்புறம் யாரும் தொடாத ஒரு இடம் மாவட்ட கோர்ட்டு. உள்ளாட்சித் தேர்தல் முடிவை எதிர்த்து 45 நாளுக்குள்ள மாவட்ட நீதிபதிகிட்ட மனு போடணும், தோத்தவங்க அதுல என்ன குறை சொன்னாங்கன்னு வரி வரியா எழுதியிருப்பாங்க, மறு எண்ணிக்கை, செல்லாத ஓட்டு, வேற வார்டு ஆள் வந்து போட்டது, செத்தவர் பேர்ல ஓட்டுன்னு. ஈரோடு, கோயமுத்தூர், நாமக்கல், கரூர் கோர்ட்டுகள்ல 2020ல பதிவான தேர்தல் மனுக்களை மட்டும் சேர்த்தீங்கன்னா நிர்வாகம் எங்கெங்க பிசிறடிக்குதுன்னு ஒரு வரைபடமே கிடைக்கும். குறை சொல்றவங்க எழுதினதுங்கறதால அது முழு உண்மை ஆகாது, தீர்ப்பையும் கூட வச்சுப் படிக்கணும். ஈ-கோர்ட்ஸ் வெப்சைட்ல தேடலாம், கேஸ் கட்டைப் பார்க்கணும்னா வக்கீல் ஒருத்தரைப் பழக்கம் பண்ணிக்கங்க.

ஆபீஸ்காரங்க பேசுவாங்களான்னு பயப்படாதீங்க, எலெக்ஷன் இல்லாத சமயம் பேசுவாங்க, ரிட்டயர்டு ஆனவங்க இன்னும் நல்லாவே பேசுவாங்க. ஊர் பேர், ஆள் பேர், பதவிக்காலம் எதையும் தீசிஸ்ல போடாதீங்க, சின்ன ஒன்றியத்துல "2019ல பணியாற்றிய உதவித் தேர்தல் அலுவலர்"னு எழுதினாலே யாருன்னு தெரிஞ்சுரும்.

என்னைக் கேட்டா, ரெண்டே ஒன்றியம் எடுங்க. ஒண்ணு அவினாசியோ பல்லடமோ, ஆள் வந்துட்டும் போயிட்டும் இருக்கற இடம். இன்னொண்ணு தாளவாடி. ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு ஊராட்சி, வார்டு லிஸ்ட் எப்படிப் பிரிச்சாங்கங்கறது மட்டும் தான் கேள்வி, சட்டமன்ற லிஸ்ட் ஒரு கைல, வார்டு லிஸ்ட் இன்னொரு கைல, சைக்கிளோ வண்டியோ எடுத்துட்டு வீடு வீடாப் போயி ஒப்பிடணும். கைடுகிட்ட போறப்ப இதுலயும் சர்வே இருக்குதுங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்குவாரு. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஒன்றிய ஆபீஸுக்கும் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டுருங்க, பத்து ரூபாய் தான். 2019 தேர்தலுக்கான வார்டுவாரி வாக்காளர் பட்டியல், அதைத் தயாரிக்க வந்த சுற்றறிக்கை நகல், பட்டியல் மேல வந்த ஆட்சேபணைகளோட எண்ணிக்கையும் அதுல ஏத்துக்கிட்டதும். மூணையும் தனித்தனி கேள்வியாப் போடுங்க, ஒட்டுக்கா ஒரே பத்தில எழுதினா "தகவல் தொகுத்து வழங்க இயலாது"ன்னு ஒரே வரில முடிச்சுருவாங்க. முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு போடுங்க, அந்த மேல்முறையீட்டு நகலையும் பத்திரமா வச்சுக்கங்க, அதுவும் உங்க பிற்சேர்க்கைல வரும்.